விலாசம் தராமல் போனவள்

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவளுக்கு வைத்த பெயர் மூட்டை. சம்பளப் பட்டியலில் வேறொரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளோ என்னவோ. மூட்டை என்ற பெயருக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை, அவள் வேலைக்கு வருவதை ஒரு தடவை பார்த்தால் போதும். காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்தே முக்காலுக்கு வருவாள். தோளில் அவளைவிடக் கொஞ்சம் அகலமான காக்கித் துணிப்பை, வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. அதைத் தன் லாக்கருக்குள் திணித்து, கதவை முழங்காலால் நெட்டிச் சாத்திவிட்டுத்தான் கையுறையைத் தேடுவாள். நாள் முழுக்க அழுக்குத் துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற இடத்துக்கு ஒருத்தி தானும் ஒரு மூட்டையோடு வந்தால், மற்றவர்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்களா?

"உள்ள என்னடி வெச்சிருக்கே, வைரமா வைடூரியமா?" என்று கேட்பார்கள்.

"துணிதான்க்கா" என்பாள்.

பொய்யில்லை. இரண்டு செட் உடுப்பு, ஒரு துண்டு, ஒரு போர்வை, சீப்பு, சோப்பு டப்பா, சான்றிதழ்கள் வைத்த பிளாஸ்டிக் கோப்பு, அடியில் 27 என்று ஆணியால் கீறிய ஒரு எவர்சில்வர் டம்ளர். பத்தொன்பது வயதில் அவளுடைய மொத்த சொத்தும் அவ்வளவுதான். எந்த நிமிஷமும் அதைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட முடியும், அதுதான் அதன் சிறப்பு.

சூடு கண்ட பூனை என்று சொல்வோமே, அந்தக் கதைதான். ஆறு வயதில் அவளை ஒரு வளர்ப்பு வீட்டில் விட்டிருந்தார்கள். நல்ல வீடு என்றே வைத்துக்கொள்ளலாம். வயிறார சாப்பாடு போட்டார்கள், அடிக்கவில்லை. அங்கேதான் அவளுக்கு முதல் பல் விழுந்தது. அந்த வீட்டு அம்மா ஒரு காலித் தீப்பெட்டி கொடுத்தார், பல்லை அதில் போட்டு சன்னல் திட்டில் வைத்தாள். மறுநாள் காலையில் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்து, "அஞ்சு நிமிஷத்துல கிளம்பணும், உன் துணியெல்லாம் எடுத்துக்கோ" என்றார். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. பாதி வழியில்தான் அவளுக்குத் தீப்பெட்டி ஞாபகம் வந்தது.

"என் பல்லு" என்றாள்.

"அதுக்கென்ன, புதுசு முளைக்கும்" என்றார் அந்தப் பெண்மணி.

முளைத்தது, அதில் குறையில்லை. ஆனால் அடுத்த வளர்ப்பு வீட்டிலிருந்தும் அதே மாதிரி ஒரு காலையில் கிளம்பச் சொன்னபோது அவளுக்கு அந்த ஐந்து நிமிஷமும் தேவைப்படவில்லை. மூட்டை தயாராக இருந்தது. அதன் பிறகு பத்து வருஷம் குழந்தைகள் இல்லத்தில். அங்கே தினமும் காலையில் கட்டிலைச் சுத்தமாக வழித்து வைக்க வேண்டும். விரிப்பு, போர்வை, தலையணை எல்லாம் மடித்து எண் போட்ட பெட்டிக்குள் போக வேண்டும், அவளுடைய எண் 27. கதவை உள்ளே தாழ் போட்டால் தண்டனை. சாவி என்பது வார்டன் இடுப்பில் தொங்குகிற பொருள். இப்படி வளர்ந்தவளுக்குப் பழக்கம் தோலோடு ஒட்டிப்போனதில் ஆச்சரியமென்ன இருக்கிறது?

பதினெட்டு நிறைந்த மறுநாள் இல்லத்தின் கணக்கில் அவள் பெரியவள். கைகுலுக்கி வாழ்த்தி அனுப்பிவிட்டார்கள். முந்தின நாள் இரவு வரைக்கும் விளக்கை அணைக்கக்கூட அனுமதி கேட்க வேண்டியிருந்தவள், மறுநாள் காலையில் தன் வாழ்க்கையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் எப்படிப் பார்ப்பாள்? இல்லத்துத் தோழி ஒருத்தி அறையில் இரண்டு மாதம் ஒண்டினாள். தோழிக்குக் கல்யாணம் ஆனது. பெண்கள் விடுதியில் கேட்டால் உள்ளூர்க் காப்பாளர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். வாடகைக்கு வீடு கேட்டால், "சொந்த ஊர் எது, அப்பா என்ன பண்றார்?" என்ற இரண்டாவது கேள்வியிலேயே கதவு பாதி சாத்திக்கொள்ளும். கடைசியில் அவள் கண்டுபிடித்த இடம், அந்த ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடம்.

அதைக் கண்டுபிடித்ததற்கு அவளுக்கு ஒரு சபாஷ் போடலாம். உள்ளே படுத்திருக்கும் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் மூட்டை முடிச்சோடு தங்குகிற கூடம் அது. மூட்டை இருந்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கேட்டாலும், "உங்களுக்கு யாரு உள்ள?" என்று இரக்கத்தோடுதான் கேட்பார்கள். அவளுக்கு உள்ளேயும் யாரும் இல்லை, வெளியேயும் யாரும் இல்லை. பக்கத்து பெஞ்சுக்காரர்களுக்கு மருந்து வாங்கி வந்து கொடுப்பாள், அவர்கள் ரொட்டி கொடுப்பார்கள். சலவைப் பிரிவுக்குத் தற்காலிக ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தியும் அந்த பெஞ்சில்தான் கிடைத்தது. வேலை கிடைத்த பிறகும் இருப்பிடம் பெஞ்சுதான். ஏழு மாதம் இப்படி ஓடியது.

சலவைப் பிரிவின் சூப்பர்வைசரை எல்லோரும் அக்கா என்பார்கள். சத்தமான குரல்; ராட்சத மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே இருபது வருஷம் பேசிப் பேசி, வீட்டில் ரகசியம் பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும். ஒரு லீவு நாளில் உறவுக்காரர் ஒருவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர், காத்திருப்புக் கூடத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த மூட்டையைப் பார்த்துவிட்டார்.

"என்னடி இங்க? யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்லக்கா" என்றாள்.

அக்கா ஒரு நிமிஷம் அவளையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். தினமும் காலையில் அவள் தலை ஈரமாக இருப்பதும், ஒரு நாளும் பஸ் வரவில்லை என்று சாக்குச் சொல்லாததும் அப்போதுதான் அவருக்கு ஒன்று சேர்ந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாழ்ந்த குரலில், "எத்தனை நாளா?" என்று கேட்டார்.

இதற்குள் இன்னொரு காரியமும் வந்து சேர்ந்தது. சலவைப் பிரிவில் நான்கு பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள்; மற்ற தற்காலிக ஆட்கள் மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போகலாம் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். வீடு இல்லாதவர்கள் எங்கே போவது என்று அதில் எழுதியிருக்கவில்லை. விண்ணப்பத்தில் இரண்டு கட்டம்: தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி. மற்ற பெண்கள் முதல் கட்டத்தில் வீட்டு விலாசத்தை எழுதி, இரண்டாவதில் "மேற்படி" என்று ஒரே சொல்லாகப் போட்டுவிட்டு எழுந்துபோனார்கள். அந்தச் சொல்லின் மேல் அவளுக்கு வந்த பொறாமை மாதிரி எந்த நகை மேலும் புடவை மேலும் வந்ததில்லை. அவளுடைய விண்ணப்பத்தில் இரண்டு கட்டமும் காலி.

"விலாசம் எழுதினா அதுக்கு ஒரு பதிவுத் தபால் போகும்" என்று விளக்கினார் அலுவலக கிளார்க். "நீயே கையெழுத்துப் போட்டு வாங்கணும். நிஜமா அங்க இருக்கியான்னு பாக்கறதுக்குத்தான். தபால் திரும்பி வந்துட்டா விண்ணப்பம் தள்ளுபடி. அதுக்கப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

அக்கா அன்றைக்கே தன் நாத்தனாருக்கு போன் போட்டார். நாத்தனார் வீட்டு மாடியில் ஒரு அறை சும்மா கிடந்தது. அண்ணிக்கும் நாத்தனாருக்கும் நடுவே இருபது வருஷமாகப் பாதி சண்டை, பாதி பாசம். எந்தப் பாதி எப்போது வரும் என்று இருவருக்குமே தெரியாது. நல்ல வேளையாக அன்றைக்குப் பாசப் பாதி.

நாத்தனார் தபால்காரி. அந்த வட்டாரத்தில் எந்தச் சந்தில் யார் குடியிருக்கிறார்கள், யார் காலி பண்ணினார்கள் என்று அவருக்குத் தெரியாத வீடு கிடையாது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கடிதத்தையும் தப்பான வாசலில் போட்டதில்லை என்ற பெருமை அவர் நடையிலேயே இருக்கும். ஆனால் சொந்த வீட்டு மாடிக்கு வந்த குடித்தனக்காரர்கள் விஷயத்தில் மட்டும் கையைச் சுட்டுக்கொண்டவர். கடைசியாக இருந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடியபோது பல்பைக்கூடக் கழற்றிக்கொண்டு போனான்.

"இருக்க இடம் குடுத்தா படுக்கப் பாய் கேக்கற ஜாதிதான் எல்லாம்" என்று சொல்லிக்கொண்டேதான் அறையைத் திறந்துவிட்டார். கட்டில், மேசை, நாற்காலி, ஒரு அலமாரி, தெருவைப் பார்த்த சன்னல். "என்ன வேணும்னாலும் இப்பவே கேட்டுடு. அப்புறம் வந்து அது இல்ல இது இல்லன்னு நிக்கக்கூடாது."

"ஒண்ணும் வேணாம் மேடம்" என்றாள்.

"மேடமா? நான் என்ன பேங்கு மேனேஜரா?" என்றபடி சாவியை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தச் சாவியை அவள் சான்றிதழ்க் கோப்புக்குள் பத்திரமாக வைத்தாள். பூட்டவில்லை. பூட்டத் தோன்றவே இல்லை. விண்ணப்பத்தின் முதல் கட்டத்தை நிரப்பிக் கொடுத்தாள். இரண்டாவது கட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் கிளார்க். மூன்று வாரம் போனது. பக்கவாட்டுப் படியில் விடிவதற்குள் இறங்கிப்போவாள், மாலையில் சத்தமில்லாமல் ஏறிவருவாள். படுக்கப் பாயும் கேட்கவில்லை, குடிக்கத் தண்ணீரும் கேட்கவில்லை. தபால்காரிக்கு அதுவே லேசாக உறுத்தியது. கேட்கிறவர்களைத் திட்டலாம், கேட்காதவளை என்ன செய்வது?

அந்த வியாழக்கிழமை நடந்தது அவளுக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. கதை சொல்கிறவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.

தபால்காரியின் கணவர் பஸ் கண்டக்டர். கால் சுளுக்கி லீவில் இருந்தார். வலியில் தூக்கம் பிடிக்காமல் விடியற்காலையில் வாசலில் உட்கார்ந்திருந்தவர் கண்ணில், மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போகிறவள் பட்டாள். மூன்று வாரமாகத் தினமும் நடப்பதுதான். அவர் பார்த்தது அன்றைக்குத்தான்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த மனைவியின் தபால் பையில் மாடி அறைக்கு ஒரு பதிவுத் தபால் இருந்தது. "மேல அந்தப் பொண்ணு இருக்காளா?" என்று கணவரிடம் கேட்டார்.

"காலங்காத்தால மூட்டை முடிச்சோட போச்சே" என்றார் கண்டக்டர். "பெரிய மூட்டை. என் பஸ்ஸா இருந்தா லக்கேஜ் டிக்கெட் போட்டிருப்பேன்."

தபால்காரி மாடிக்கு ஏறினார். கதவு பூட்டாமல் வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே கட்டில் வழித்துத் துடைத்த மாதிரி கிடந்தது. வீட்டு விரிப்பும் தலையணையும் மடித்து ஒரு மூலையில். அலமாரி காலி. மேசை காலி. கொடியில் ஒரு துணி இல்லை, தரையில் ஒரு தலைமுடி இல்லை. மேலே பார்த்தார். பல்பு இருந்தது.

"பல்பை விட்டுட்டுப் போயிருக்கா. அந்த மட்டுக்கும் நல்ல பொண்ணுதான்" என்றார் கீழே வந்து. கோபமாகத்தான் சொன்னார். ஆனால் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். சொல்லிவிட்டுப் போயிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று அவருக்கு ஆதங்கம். என்ன ஆனாலும் கடமை கடமைதான். சொந்த வீடு என்பதற்காகப் பொய்யெழுத முடியுமா? பேனாவை எடுத்து உறையின் மேல், "விலாசம் தராமல் சென்றுவிட்டார். அனுப்பியவருக்குத் திருப்பவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மற்ற திரும்பிய கடிதங்களோடு அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டார்.

மாலை நாலரைக்கு அவள் வழக்கம்போல மூட்டையோடு வந்தாள். படியின் அடியில் தபால்காரி நின்றிருந்தார்.

"என்ன, எதையாவது மறந்து வெச்சிட்டியா?"

அவளுக்குப் புரியவில்லை. "இல்ல மேடம்."

"அப்புறம் எதுக்கு வந்தே? அதான் காலி பண்ணிட்டியே."

அந்தக் கடைசிச் சொற்கள் அவள் காதில் வேறு மாதிரி விழுந்தன. ஆறு வயதிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகியதுதானே. ஏன், எதற்கு, நான் என்ன செய்தேன் என்று எதுவும் கேட்கவில்லை. "சரிங்க மேடம்" என்றாள். கோப்பைத் திறந்து சாவியை எடுத்து நீட்டினாள், மூட்டையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு தெருவைப் பார்த்துத் திரும்பினாள்.

கத்தியிருந்தால் தபால்காரி பதிலுக்குக் கத்தியிருப்பார். இந்தச் 'சரிங்க' அவரை என்னவோ செய்தது.

"ஏய், எங்க போறே?"

"நீங்கதானே போகச் சொன்னீங்க."

"நான் எங்கடி சொன்னேன்? நீதானே காலையில எல்லாத்தையும் தூக்கிட்டுப் போனே."

"தினமும் அப்படித்தான் மேடம் போவேன்."

"தினமுமா?"

"ஆமாம். எப்ப கிளம்பச் சொல்வாங்கன்னு தெரியாதுல்ல."

"யாரு கிளம்பச் சொல்வாங்க?"

"யாராவது" என்றாள்.

உள்ளேயிருந்து கண்டக்டர், "அந்தத் தபால்" என்று ஆரம்பித்தார். தபால்காரி சட்டென்று கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணிக்குத் தபால் வண்டி வந்துவிடும். திருப்பி அனுப்புகிற கடிதங்கள் பைக்குள் போய், பை அதில் ஏறிவிட்டால் அவ்வளவுதான்.

"உன் ஆஸ்பத்திரித் தபால் வந்துச்சு. நீ போயிட்டேன்னு எழுதித் திருப்பிட்டேன்" என்றார். சுற்றி வளைக்கத் தெரியாத மனுஷி. "நட."

வேலை, அறை இரண்டும் ஒரே வரி எழுத்தில் போய்விட்டன என்று அவளுக்குப் புரிந்தது. அழுகை வரவில்லை. இருவரும் வேகமாக நடந்தார்கள். வழியெல்லாம் வாசலுக்கு வாசல் குசலம் விசாரிக்கிற தபால்காரி அன்றைக்கு இரண்டு தெருவைத் தலை நிமிராமல் தாண்டினார். மூன்றாவது தெருவில் பேசினார்.

"இதோ பார். உன்னைக் காலி பண்ணச் சொல்றதா இருந்தா ஒரு மாசம் முன்னாடி சொல்வேன். எழுத்துல குடுப்பேன். பதிவுத் தபால்லயே அனுப்புவேன், நானே கொண்டு வந்தும் குடுப்பேன். புரியுதா?"

"புரியுது" என்றாள். பாதிதான் புரிந்தது.

போஸ்ட்மாஸ்டர் தேநீர்க் கோப்பையை மூடி வைத்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். பை கட்டி அரக்கு முத்திரை வைத்தாயிற்று. திறக்க வேண்டுமென்றால் குறிப்பு எழுதியவரே அது தவறு என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அது பதிவேட்டில் நிற்கும் என்றார். சொல்லும்போதே அவருக்குக் கொஞ்சம் சிரிப்பு. அந்த அலுவலகத்தில் மற்றவர்களின் தவறுகளை இருபத்திரண்டு வருஷமாகச் சுட்டிக்காட்டி வந்தவர் இந்தத் தபால்காரி.

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "நான் எழுதிய குறிப்பு தவறு. முகவரிதாரர் அங்கேயே குடியிருக்கிறார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த இரண்டாவது வாக்கியத்தை அவள் தலைகீழாகவே வாசித்துவிட்டாள். மூன்று வாரமாக அந்த அறையில் இருந்தும் அது அவளுக்கே தெரியாத செய்தி.

"இதை ஃப்ரேம் போட்டு மாட்டணும்" என்றார் போஸ்ட்மாஸ்டர். பையைப் பிரித்துக் கடிதத்தை எடுத்தார். ஆனால் கையில் கொடுக்கவில்லை. "ஒரு தடவை ஆள் இல்லைன்னு பதிவாயிடுச்சு. உங்க வீட்டு விலாசத்துக்கு நீங்களே மறுபடி பட்டுவாடா பண்ணினா நல்லாயிருக்காது. நாளைக்குப் பத்து மணிக்கு வேற ஆளை அனுப்பறேன். பொண்ணு அங்க இருக்கணும். ரூமும் ஆள் குடியிருக்கற ரூம் மாதிரி இருக்கணும்."

வீட்டுக்குத் திரும்பியதும் தபால்காரி அண்ணிக்கு போன் போட்டு, அவளுக்கு மறுநாள் காலையில் அரை நாள் லீவு கேட்டார். காரணத்தைச் சொன்னார். அதன் பிறகு போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. சண்டைப் பாதி வந்துவிட்டது என்று கண்டக்டர் மெதுவாக நொண்டியபடி உள்ளே போனார்.

மாடியில் அவள் மூட்டையைக் கட்டில் மேல் வைத்துக் கயிற்றை அவிழ்த்தாள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வரிசையாக அடுக்கினாள். அதோடு கை நின்றுவிட்டது. எதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இல்லத்தில் ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட இடம் உண்டு. இங்கே எந்த இடத்துக்கும் எண் இல்லை.

தபால்காரி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கையில் ஒரு கொத்து ஆணியும் துணி மாட்டுகிற கொக்கிகளும் இருந்தன.

"இதெல்லாம் எங்க வைக்கணும் மேடம்?" என்று கேட்டாள்.

"என்னைக் கேட்டா? உன் ரூம். கண்ட இடத்துல வை."

உலகத்தில் எல்லா அம்மாக்களும் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வது, கண்ட இடத்தில் வைக்காதே என்பதுதான். அதையும் சொல்ல ஆளில்லாமல் வளர்ந்தவளிடம் ஒருவர் இப்படிச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணும் கலங்கியது. துண்டை எடுத்து நாற்காலி முதுகில் போட்டாள். அது ஒரு பக்கம் கோணலாகத் தொங்கியது. நேராக்கக் கை போனது.

"விடு, அப்படியே இருக்கட்டும்" என்றார் தபால்காரி.

விட்டாள். உடுப்புகள் அலமாரிக்குப் போயின. சீப்பு மேசைக்கு, சோப்பு டப்பா கழுவுமிடத்துக்கு. பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. டம்ளர் மட்டும் கையில் நின்றது. மேசையில் வைத்தாள், எடுத்தாள், அலமாரியில் வைத்தாள், எடுத்தாள். சன்னல் திட்டைப் பார்த்தாள். அங்கே மட்டும் அவள் எதையும் வைப்பதில்லை. கடைசியில் மேசையிலேயே வைத்துவிட்டுப் படுத்தாள்.

காலையில் கண் விழித்ததும் கை தானாக விரிப்பை உருவ ஆரம்பித்தது. பாதி உருவிய பிறகுதான் நினைவு வந்தது. மறுபடி விரித்தாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக விடிந்த பிறகு ஒரு கட்டில் விரித்தபடி கிடப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏதோ தப்பு செய்த மாதிரியும் இருந்தது, திருவிழாவுக்கு லீவு விட்ட மாதிரியும் இருந்தது.

பத்து மணிக்கு வர வேண்டிய தபால்காரர் பத்தேகாலுக்கு வந்தார். மூச்சு வாங்கியது. மாடிப்படியை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்திருக்க வேண்டும். "பேரு?" என்றார். சொன்னாள். சம்பளப் பட்டியலில் உள்ள அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து சத்தமாக வந்தது. "இங்க கையெழுத்து" என்றார். போட்டாள். கடிதத்தைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அலமாரி, கொக்கி, கோணல் துண்டு எதையும் அவர் பார்க்கவில்லை.

அவ்வளவுதான். கடிதம் கையில் இருந்தது. இனி யாரும் வந்து பார்க்கப் போவதில்லை.

வேலைக்குப் போக ஒரு மணி நேரம் இருந்தது. அவள் மூட்டைத் துணியை எடுத்தாள். துண்டை மடித்து உள்ளே வைத்தாள். உடுப்பு ஒன்றை வைத்தாள். யாருக்கும் கெடுதலில்லாத பழக்கம்தானே, ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டுமே என்று மனம் சொன்னது. டம்ளரை எடுத்தாள். அதன் அடியில் 27 தெரிந்தது. அந்தத் தீப்பெட்டியை இப்போது யார் வைத்திருப்பார்கள் என்று நினைத்தாள். குப்பையோடு போயிருக்கும். பதின்மூன்று வருஷமாக எதையும் மறந்து விட்டுவிட்டு வரக்கூடாது என்று தூக்கித் தூக்கி, ஒரு இடத்திலும் எதையும் அவள் வைக்கவே இல்லை. அது மறப்பதைவிட மோசம் என்று அவளுக்கு அப்போது பட்டது.

துண்டைத் திரும்ப எடுத்து நாற்காலியில் போட்டாள். கோணலாகவே போட்டாள். டம்ளரைக் கொண்டுபோய்ச் சன்னல் திட்டில் வைத்தாள். தபால்காரி நேற்றே திருப்பிக் கொடுத்திருந்த சாவியைக் கோப்பிலிருந்து எடுத்து, வெளியே வந்து கதவைப் பூட்டினாள். பூட்டத் தெரியாமல் இரண்டு தடவை தப்பான பக்கம் திருப்பினாள். மூன்றாவது தடவை பூட்டிக்கொண்டது.

தெருவில் நடக்கும்போது தோள் ஒரு பக்கமாக எழும்பி எழும்பி வந்தது. இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி வீசி வீசி நடந்தாள்.

அலுவலகத்தில் கிளார்க் கடிதத்தைப் பார்த்து முத்திரை குத்தினார். விண்ணப்பத்தை அவள் பக்கம் தள்ளினார். "ரெண்டாவது கட்டம் இன்னும் காலியா இருக்கு பாரும்மா. நிரந்தர முகவரி."

அவள் பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டுகிற குழந்தை மாதிரி நிறுத்தி நிதானமாக, "மேற்படி" என்று எழுதினாள். கிளார்க் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கட்டோடு கட்டாக வைத்தார்.

சலவைப் பிரிவில் அக்காவும் அவளும் எதிரெதிரே நின்று விரிப்பு மடித்தார்கள். நுனியைப் பிடித்து உதறி, நடுவே வந்து கை மாற்றி, மறுபடி விலகி. நாலாவது விரிப்பில்தான் அக்காவுக்கு உறைத்தது.

"மூட்டை எங்கடி? தொலைச்சிட்டியா?"

"இல்லக்கா" என்றாள். "வீட்ல இருக்கு."

அக்கா அடுத்த விரிப்பை மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக உதறினார்.

அன்றைக்குத் தாமதமாக வந்ததால் மாலை ஆறு மணிக்குத்தான் வேலை முடிந்தது. வழியில் எங்கும் நிற்காமல் வந்தாள். வாசலில் கண்டக்டர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "என்னம்மா, இன்னைக்கு லக்கேஜ் இல்லையா?" என்றார். சிரித்துக்கொண்டே படியேறினாள். பூட்டை இந்தத் தடவை சரியான பக்கமே திருப்பினாள். கதவைத் திறந்ததும் நாற்காலியைப் பார்க்கவில்லை, அலமாரியைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்தாள்.

டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது.